வீட்டுக்குள் வந்த வானலை – 9: எண் ஏறியது, இரைச்சல் தீரவில்லை

அமெரிக்கக் கடைகளில் விற்ற கார்ட்லெஸ் போன்களின் அலைவரிசை எண்களைக் கால வரிசையில் எழுதிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். 1980-களின் தொடக்கத்தில் 1.7 மெகாஹெர்ட்ஸ். சில ஆண்டுகளில் 46, 49 மெகாஹெர்ட்ஸ். 1990-களில் 900. அந்தப் பத்தாண்டு முடியும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 2400 மெகாஹெர்ட்ஸ். 2003 வாக்கில் 5.8 கிகாஹெர்ட்ஸ். ஏறிக்கொண்டே போன இந்த எண், அதற்குப் பிறகு திடீரென்று 1.9 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் ‘இனி இரைச்சல் இருக்காது’ என்று வாங்குபவருக்கு உறுதி தரப்பட்டது. உண்மையில் இரைச்சல் அடங்கியது எண் இறங்கிய பிறகுதான். ஏன் அப்படி நடந்தது என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலைவரிசை உயர்ந்ததால் குறுக்கீடு தீரவில்லை. பேசத் தொடங்குமுன் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் ஒழுங்கு கருவிக்குள்ளேயே எழுதப்பட்ட பிறகுதான் தீர்ந்தது.

கம்பியில்லாத தொலைபேசிக்கான யோசனை பழையது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்விகெர்ட் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் பெற்ற காப்புரிமை, இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய வானொலி இணைப்பைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் முறையை விவரித்தது. ஆனால் அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பியில் வெளியாள் கருவி எதையும் மாட்ட அதுவரை ஏடி அண்ட் டி நிறுவனம் இடம் கொடுத்ததில்லை. 1968-ல் வந்த கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்தது. அதைத் தொடர்ந்து 1970-களின் நடுவில் எஃப்.சி.சி. என்ற தகவல்தொடர்பு ஆணையம் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. சுவரில் இருக்கும் இணைப்பு எப்படி இருக்க வேண்டும், கருவி எவ்வளவு மின்னழுத்தத்தைக் கம்பிக்குள் விடலாம் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டன. அதனால் யார் செய்த போனும் யார் வீட்டுக் கம்பியிலும் ஒழுங்காக வேலை செய்தது. கம்பிப் பக்கத்தில் விதி இருந்தது, அமைதியும் இருந்தது. கம்பியோடு இணைந்த பேஸ் பெட்டிக்கும் கையில் பிடித்துப் பேசும் ஹேண்ட்செட்டுக்கும் நடுவே காற்றில் நடக்கும் பேச்சுக்கு அப்படிப்பட்ட விதி எழுதப்படவில்லை. இனிச் சொல்லப்போகும் தொல்லைகள் அனைத்தும் அந்த இடைவெளியில் முளைத்தவை.

முதல் தலைமுறைக் கருவிகளில் பேஸ் 1.7 மெகாஹெர்ட்ஸ் அருகே பேசும், ஹேண்ட்செட் 49 மெகாஹெர்ட்ஸ் அருகே பதில் சொல்லும். 1.7 என்பது நடுத்தர அலை வானொலியின் கடைசி முனைக்குச் சற்று மேலே உள்ள இடம். அவ்வளவு நீண்ட அலையை அனுப்பச் சிறிய பெட்டியில் ஆன்டெனா வைக்க முடியாது என்பதால் வீட்டின் மின்கம்பிகளையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் டிம்மரைத் திருகினாலும் குழல்விளக்கைப் போட்டாலும் காதில் உறுமல் கேட்டது. மொத்தம் ஐந்தே சேனல்கள். ஒரு போன் ஒரே சேனலில் நிலைத்து நிற்கும், மாற்ற வழி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய போனும் அதே சேனலாக இருந்துவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதே பரிகாரம். 49 மெகாஹெர்ட்ஸ் பக்கமோ பொம்மை வாக்கி டாக்கிகளுக்கும் குழந்தை அழுவதைக் கேட்கும் கருவிகளுக்கும் பொதுவான இடமாக இருந்தது.

இரைச்சலைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. தன்னோடு பேசுவது தன் ஹேண்ட்செட்தானா என்று பேஸுக்குத் தெரியாது. அதே சேனலில் இயங்கும் எந்த ஹேண்ட்செட்டை எடுத்தாலும் பக்கத்து வீட்டு இணைப்பில் டயல் டோன் கிடைக்கும். அதில் பேசினால் கட்டணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். பேட்டரி தளர்ந்த ஹேண்ட்செட்டின் இரைச்சலைப் பேஸ் எண் துடிப்புகளாக எடுத்துக்கொண்டு, யாரும் தொடாமலே 911 என்ற அவசர எண்ணை அழைத்த சம்பவங்களும் நடந்தன. இந்தத் தொல்லை எந்த அலைவரிசை மாற்றத்தாலும் தீரவில்லை. 1991-ல் எஃப்.சி.சி. ஒரு விதி போட்டது. ஒவ்வொரு கார்ட்லெஸ் போனிலும் குறைந்தது 256 வகை அமையக்கூடிய எண்முறைப் பாதுகாப்புக் குறியீடு இருக்க வேண்டும், அது பொருந்தினால்தான் பேஸ் கம்பியைத் திறக்க வேண்டும் என்றது அந்த விதி. அத்தோடு அயலார் இணைப்பில் தற்செயலாக நுழைவது நின்றது. அலைவரிசை எண் அதே 46, 49-தான். மாறியது கருவிக்கு விதிக்கப்பட்ட கடமை.

ஒட்டுக் கேட்பது அந்தக் குறியீட்டால் நிற்கவில்லை, ஏனென்றால் குரல் வெளிப்படையான பண்பலையாகவே காற்றில் போய்க்கொண்டிருந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டார் தங்கள் சாதாரண வானொலிப் பெட்டியில் அக்கம்பக்கத்தாரின் போன் பேச்சைக் கேட்டுக் காவல்துறைக்குச் சொன்னார்கள். அப்படிக் கேட்டதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1984-ல் தீர்ப்பளித்தது. 1986-ல் நாடாளுமன்றம் மின்னணுத் தொடர்புகளின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தை இயற்றியபோதுகூட, கார்ட்லெஸ் போனின் வானொலிப் பகுதியைப் பெயர் சொல்லியே விலக்கியது. அந்த விலக்கு நீங்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உறவினரிடம் மனம்விட்டுப் பேசிய ஒருவருக்கு, அந்தப் பேச்சு அந்தரங்கமானது என்று வாதிடச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. இதைச் சிறிய குறை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கோடிக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு கருவியை விடும்போது, அதன் பேச்சு எங்கே கேட்கும் என்பது அதைச் செய்தவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. பிற்காலத்தில் கருவியின் மேல் ‘பேச்சின் அந்தரங்கத்துக்கு உறுதி தர முடியாது’ என்ற பொருளில் எச்சரிக்கை ஒட்டச் சொன்னார்கள். பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுந்தது.

1980-களின் நடுவில் பேஸும் 46 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறியது. 46.61 முதல் 46.97 வரை பேஸ், 49.67 முதல் 49.99 வரை ஹேண்ட்செட் என்று பத்து ஜோடிச் சேனல்கள் கிடைத்தன. மின்கம்பி ஆன்டெனாவுக்கு அவசியம் இல்லாமல் போனதால் உறுமல் குறைந்தது. ஆனால் போன் வாங்கியவர் தொகை பெருகப் பெருக, அடுக்குமாடிக் கட்டடங்களில் பத்துச் சேனல் எந்த மூலைக்கும் போதவில்லை. 1995-ல் 43.72 முதல் 44.48 வரையிலும் 48.76 முதல் 49.5 வரையிலும் மேலும் 15 ஜோடிகள் சேர்ந்தன. இந்தப் புதிய 15-க்கு எஃப்.சி.சி. வைத்த நிபந்தனையை நான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று சொல்வேன். அந்த இடத்தில் உரிமம் பெற்ற வாகன வானொலிச் சேவைகள் ஏற்கனவே இருந்தன. அவற்றுக்குத் தொந்தரவு வராமல் இருக்க, அந்தச் சேனல்களைப் பயன்படுத்தும் போனில் தானியங்கித் தேர்வு அமைப்பு இருக்க வேண்டும், ஏற்கனவே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் சேனலில் இணைப்பு ஏற்படவே கூடாது என்று விதித்தார்கள். பேசுமுன் கேள் என்ற கட்டளை வீட்டுப் போனுக்குள் நுழைந்தது அப்போதுதான். தாழ்ந்த அலைவரிசை, ஒரு சேனலுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் என்ற குறுகலான இடம், பழைய அனலாக் நுட்பம். இத்தனைக்கும் நடுவே அந்தக் கட்டளை வேலை செய்தது.

அந்தப் பாடத்தை யாரும் கையில் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் சந்தையின் கண் அதற்குள் மேலே போய்விட்டது. அதற்கு வழி வகுத்தது 1985-ல் எஃப்.சி.சி. எடுத்த துணிச்சலான முடிவு. தொழிற்சாலைச் சூடேற்றிகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் இரைச்சல் போட்டுக்கொள்ள ஒதுக்கிய 902–928, 2400–2483.5, 5725–5850 மெகாஹெர்ட்ஸ் இடங்களில், அலையைப் பரப்பி அனுப்பும் கருவிகள் உரிமம் இல்லாமலே 1 வாட் வரை இயங்கலாம் என்றது அது. பொறியாளர் மைக்கேல் மார்கஸ் ஆணையத்துக்குள் இருந்து இதற்காக உழைத்தவர். இன்றைய வைஃபையும் புளூடூத்தும் அந்த முடிவின் பிள்ளைகள். கார்ட்லெஸ் போன் முதலில் 900-க்குள் குடியேறியது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கே கூட்டம் இல்லாததால் குரல் தெளிவாக இருந்தது, சுவர் தாண்டியும் நன்றாகச் சென்றது. 900 மெகாஹெர்ட்ஸ் போனைப் பற்றி இன்றும் அமெரிக்கர்கள் அன்போடு பேசுவதற்குக் காரணம் அந்தக் காலியிடம். அங்கே கூட்டம் சேர்ந்ததும் 2.4-க்கு ஓடினார்கள். ஓடிப் போன இடத்தில் 2.45 கிகாஹெர்ட்ஸில் உறுமும் மைக்ரோவேவ் அடுப்பு சமையலறையில் காத்திருந்தது. விரைவில் வைஃபையும் அங்கு வந்து சேர்ந்தது.

2.4-ல் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1999-ல் வந்த 802.11பி என்ற வைஃபை வரையறையின்படி ஒரு கணினி தகவல் அனுப்புமுன் காற்றைக் கேட்கும். வேறு யாராவது பேசினால் காத்திருக்கும், பிறகு தற்செயலான ஓர் இடைவெளி விட்டு மறுபடி முயலும். கார்ட்லெஸ் போனுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதிலும் சேனல் விட்டுச் சேனல் தாவும் வகைப் போன்கள், 2400 முதல் 2483.5 வரை உள்ள மொத்த இடத்திலும் விநாடிக்குப் பலமுறை தாவித் தாவிப் பேசின. வைஃபைக்கு ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எதற்கு மாறினாலும் போன் அங்கும் வந்து போகும். போனை எடுத்துப் பேசியதும் இணையம் தவழ்ந்தது, சில வீடுகளில் அறுந்தே போனது. காத்திருக்கத் தெரிந்தவர் தோற்றார், காத்திருக்காதவர் பேசி முடித்தார். குழாயடியில் வரிசை இல்லாவிட்டால் முதலில் தண்ணீர் பிடிப்பவர் முண்டியடிப்பவர்தான், தண்ணீர் எவ்வளவு வந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. இதே இடத்துக்கு வந்த புளூடூத்தும் முதலில் கண்மூடித்தனமாகத் தாவியது. 2003-ல் அதன் 1.2 பதிப்பு, நெரிசலான சேனல்களைக் கண்டுகொண்டு அவற்றைத் தவிர்த்துத் தாவக் கற்றது. அதற்குப் பிறகு வைஃபையும் புளூடூத்தும் ஒரே மடிக்கணினிக்குள் இருந்து வேலை செய்ய முடிந்தது. இரண்டும் அதே 2.4-லேயே இருக்கின்றன.

போன் உற்பத்தியாளர்கள் மறுபடியும் மேலே பார்த்தார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸ் போன் வந்தது. இயற்பியல் இதற்கு எதிராக இருந்தது. அதே ஆற்றலும் அதே வகை ஆன்டெனாவும் இருக்கும்போது, 900-லிருந்து 5.8-க்குப் போனால் வெட்டவெளியிலேயே பெறும் ஆற்றல் சுமார் 40-ல் ஒரு பங்காகிவிடும். சுவர்களின் தடை இதற்கு மேல் தனி. பல மாடல்கள் ஒரு திசைக்கு 5.8-ஐயும் எதிர்த்திசைக்கு 2.4-ஐயும் பயன்படுத்தின. பெட்டியின் மேல் பெரிதாக இருந்தது 5.8 மட்டுமே. வைஃபைத் தொல்லையிலிருந்து தப்பிக்க கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில் தொல்லை தொடர்ந்ததற்கு இதுதான் காரணம். வாங்குபவரை ஏமாற்றிய எண் என்று இதை நான் தயங்காமல் சொல்வேன்.

இதற்குள் ஐரோப்பா வேறு வழியில் நடந்திருந்தது. அங்கும் தொடக்கம் குழப்பம்தான். பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற கருவிக்குப் பச்சை வட்டம், பெறாததற்குச் சிவப்பு முக்கோணம் என்று ஒட்டி, அமெரிக்க அலைவரிசைப் போன்கள் கள்ளத்தனமாக வருவதைத் தடுக்கப் பார்த்தார்கள். 864–868 மெகாஹெர்ட்ஸில் சி.டி.2 என்ற முதல் எண்முறை கார்ட்லெஸ் அங்கே பிறந்தது. அதை வைத்துத் தெருவிலும் ரயில் நிலையத்திலும் பேசலாம் என்று 1989-ல் நான்கு நிறுவனங்களுக்கு டெலிபாயின்ட் உரிமம் கொடுத்தார்கள். ஒருவர் கருவி இன்னொருவர் பேஸோடு பேசாது, வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பெறவும் முடியாது. முதலில் இறங்கியவர்கள் 1991-லேயே கடையை மூடினார்கள். பொதுவான காற்றுவழி வரையறையோடு பின்னால் வந்த ‘ராபிட்’ 1993-க்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. பொருந்தாமை ஒரு தொழிலையே எப்படிச் சாய்க்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதற்கிடையே 1991-ல் ஐரோப்பிய சமூகம் 1880–1900 மெகாஹெர்ட்ஸ் இடத்தை எண்முறை கார்ட்லெஸுக்கென ஒதுக்க உத்தரவிட்டது. 1992-ல் எட்சி என்ற ஐரோப்பியத் தர நிறுவனம் டெக்ட் வரையறையை வெளியிட்டது.

டெக்டின் உள்வேலையைப் பார்த்தால் ஏன் அமைதி வந்தது என்று புரியும். 20 மெகாஹெர்ட்ஸில் பத்து அலைகள். ஒவ்வோர் அலையும் விநாடியில் நூறில் ஒரு பங்கான 10 மில்லிவிநாடிக்கு 24 துண்டுகளாக வெட்டப்படுகிறது. 12 துண்டு பேஸ் பேச, 12 துண்டு ஹேண்ட்செட் பேச. ஆக 120 உரையாடல் இடங்கள். இவற்றில் எதையும் யாரும் எந்த வீட்டுக்கும் முன்கூட்டி ஒதுக்குவதில்லை. ஹேண்ட்செட் எல்லா இடங்களையும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்து, குறைந்த தொந்தரவு உள்ள ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறது. பேச்சின் நடுவில் அங்கே யாராவது வந்துவிட்டால், பேசுபவர் காதுக்குத் தெரியாமல் வேறு இடத்துக்கு மாறிவிடுகிறது. அடுத்த வீட்டுப் போனைப் பற்றி இதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

‘உயர்ந்த அலைவரிசையில் இடம் அகலம், அதுதானே அமைதிக்குக் காரணம்’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு அதை ஏற்கவில்லை. 2.4-ல் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தது, அங்கேதான் பெரும் சண்டை. டெக்ட் அமெரிக்காவுக்கு வந்தபோது அதற்குக் கிடைத்தது 1920 முதல் 1930 வரை வெறும் 10 மெகாஹெர்ட்ஸ், ஐந்து அலைகள். எட்டில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவான இடத்தில் சண்டை நின்றது. ‘எண்முறை நுட்பம்தான் காரணம்’ என்பதும் நிற்காது, ஏனென்றால் வைஃபையை முடக்கிய 2.4 போன்களில் பலவும் எண்முறைதான். எண்முறை, இரைச்சலைக் காதிலிருந்து மறைக்கும். மோதல் எல்லை மீறும்போது பேச்சு அறுந்துவிடும்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. ‘1.9-ல் அமைதி இருப்பது அங்கே போனைத் தவிர வேறு எதையும் விடாததால்தான். தனித் தெரு கொடுத்தால் யார்தான் ஒழுங்காக நடக்க மாட்டார்கள்?’ இதில் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். அடுப்பும் வைஃபையும் அங்கே இல்லாதது பெரிய உதவி. ஆனால் தனி இடம் மட்டும் போதுமென்றால் 46 மெகாஹெர்ட்ஸ் அனலாக் போன்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்காது. ஒரே அடுக்குமாடியில் ஐம்பது வீட்டில் ஐம்பது பேஸ் இருந்தால், ஒன்றுக்கொன்று அந்நியம்தான். அவற்றுக்குள் ஒதுக்கீடு செய்ய எவரும் இல்லை. அமெரிக்க விதிப் புத்தகத்தில் இந்த 10 மெகாஹெர்ட்ஸுக்கான பிரிவைப் பார்த்தால், ஒதுக்கீட்டைப் பற்றிய வரிகளைவிட நடத்தையைப் பற்றிய வரிகள் அதிகம். பேசுமுன் எவ்வளவு நேரம் கேட்க வேண்டும், எந்த அளவு இரைச்சல் இருந்தால் ஒதுங்க வேண்டும், எப்போது இருப்பதில் குறைந்த தொந்தரவுள்ள இடத்தை எடுக்கலாம் என்றெல்லாம் வரையறுத்திருக்கிறார்கள். இந்த நடத்தை விதிகளை வகுத்ததில் தொழில் நிறுவனங்கள் கூடி அமைத்த வின்ஃபோரம் என்ற மன்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இடம் 1993-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. அங்கே முன்பிருந்த மைக்ரோவேவ் கோபுர இணைப்புகளை வேறு இடத்துக்கு மாற்றி முடிக்கவும் விதிகளைத் தளர்த்தவும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2005-க்குப் பிறகுதான் ‘டெக்ட் 6.0’ என்ற பெயரில் போன்கள் கடைக்கு வந்தன. அந்த 6.0 அலைவரிசை அல்ல. 5.8-ஐப் பார்த்துப் பழகிய வாங்குபவர் 1.9 என்ற எண்ணைக் கண்டு பின்வாங்கிவிடுவாரோ என்ற அச்சத்தில் பிறந்த வணிகப் பெயர்.

‘எல்லா இடத்துக்கும் இப்படி விதி போட்டிருந்தால் வைஃபை பிறந்திருக்குமா?’ என்பது இன்னொரு கேள்வி. பிறந்திருக்காது என்றே நினைக்கிறேன். 1985-ன் திறந்த கதவு இல்லாமல் அது சாத்தியமே இல்லை. ஆனால் திறந்த வெளியில் வைஃபை பிழைத்ததும் தன் சொந்த ஒழுங்கால்தான். கேட்டுவிட்டுப் பேசு என்ற விதியை அதற்கு எழுதியது அரசு அல்ல, பொறியாளர்களின் தரக் குழு. விதி எங்கிருந்து வருகிறது என்பதைவிட, கருவி கடைக்கு வருமுன் வந்ததா என்பதே முக்கியம். அமெரிக்கக் கார்ட்லெஸ் போனுக்கு அது முழுமையாக வர இருபத்தைந்து ஆண்டு ஆனது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமையான பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, டிமோத்தி கொன்சால்வஸ் ஆகியோரின் டெநெட் குழு, சென்னை மைதாஸ் நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து 1990-களில் கார்டெக்ட் என்ற அமைப்பை உருவாக்கியது. வீட்டுக்குள் சில பத்து மீட்டர் பேசுவதற்கான டெக்டை எடுத்து, கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டுபோகும் கருவியாக்கினார்கள். அலை போய் வரும் நேரத்தைச் சந்தாதாரர் கருவியில் சரிக்கட்டி, டெக்டின் சுமார் 5 கிலோமீட்டர் எல்லையை 10-க்கும், இடையில் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம் வைத்து 25-க்கும் நீட்டினார்கள். இணையம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் வந்தது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் தொடங்கிய இணைய மையங்கள் இதன் மேல்தான் இயங்கின. மலிவு ஒரு காரணம் என்றால், என் பார்வையில் அதற்கு இணையான காரணம் டெக்டின் அந்தக் கேட்கும் பழக்கம். கருவி தானே இடம் தேடிக்கொள்வதால், எந்தக் கோபுரத்துக்கு எந்த அலை என்று திட்டமிடும் வல்லுநர் குழு கிராமத்துச் சிறு நிறுவனத்துக்குத் தேவைப்படவில்லை. கம்பியில்லா அகன்ற அலைவரிசையும் கைபேசியும் பரவியபோது கார்டெக்ட் பின்தங்கியது. ஆனால் வீட்டுப் போனின் ஒழுங்குமுறை ஒரு வட்டாரத்துக்கே தொலைபேசி அமைப்பாக விரிய முடியும் என்பதை அது நிரூபித்துவிட்டது.

டெக்டிலும் குறைகள் உண்டு. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், மலிவான அட்டை ஒன்றை மடிக்கணினியில் செருகி டெக்ட் பேச்சுகளை ஒட்டுக் கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல போன்கள் மறையாக்கத்தைப் பயன்படுத்தவே இல்லை. நல்ல அண்டை வீட்டாராக நடப்பதும் ரகசியம் காப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதால், இந்தக் குறை என் வாதத்தை மாற்றவில்லை. வாங்குபவர்களை நேரடியாகத் தொடும் குறை நாட்டுக்கு நாடு பொருந்தாமை. ஐரோப்பிய டெக்டின் 1880–1900 அமெரிக்காவில் கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் 1850–1910 இடத்துக்குள் விழுகிறது. அமெரிக்க டெக்டின் 1920–1930 ஐரோப்பாவில் கைபேசிகள் பேசும் 1920–1980 இடத்துக்குள் விழுகிறது. ஜப்பான் 1995 முதல் அதே 1.9-ஐ பி.எச்.எஸ். என்ற கைபேசிச் சேவைக்குக் கொடுத்துவிட்டதால், அங்கே டெக்டுக்கு 2010-ல்தான் வழி பிறந்தது. தன் ஊரில் ஒழுக்கமாக நடக்கும் கருவி அடுத்த நாட்டில் குற்றவாளி. ஜெர்மனியில் 885–887, 930–932 மெகாஹெர்ட்ஸில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்த பழைய சி.டி.1 பிளஸ் போன்களுக்கும் 2008 முடிவோடு அனுமதி நின்றது. அந்த இடம் கைபேசிக்குப் போய்விட்டது.

ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் கார்ட்லெஸ் போன் வாங்கி வரச் சொல்ல நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் முகப்பில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 902–928 என்றிருந்தால், நம் நாட்டில் கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் 890–915 மெகாஹெர்ட்ஸில் அது கைவைக்கும். ‘டெக்ட் 6.0’ என்றிருந்தால் அது அமெரிக்காவின் 1920–1930-க்காகச் செய்தது. 1880–1900 என்று போட்ட கருவியை இங்கேயே வாங்குங்கள். பின்னர் கூடுதல் ஹேண்ட்செட் சேர்க்கும் எண்ணம் இருந்தால், வேறு நிறுவனத்தின் பேஸோடும் அடிப்படை அழைப்புகள் வேலை செய்ய வழி செய்யும் ‘காப்’ என்ற பொது வரையறையை அது ஏற்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.